பிரிவுபசாரப் படமும் முப்பது தண்டாலும்

1

வாலாஜாபேட்டையில் இருக்கும் சிநேகிதர்களே, என்னைப் பற்றி நீங்கள் பேசிக்கொள்வது என் காதிலும் விழுகிறது. "பெங்களூர்க்காரனுக்கு என்ன குறை? குளிர்ந்த காற்று, நல்ல தண்ணீர், தண்டு உத்தியோகம், வியாதி எப்படி அண்டும்?" என்கிறீர்களாம். அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். இன்றோடு எனக்குப் பிரிவுபசாரம் நடந்து ஒரு வருஷம் ஆகிறது.

அன்று எடுத்த போட்டோ என் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. ஆபீஸ்காரர்கள் பதினான்கு பேர். நடுவில் நாற்காலியில் நான். கழுத்தில் மப்ளர், அதன்மேல் கனமான சம்பங்கி மாலை, கன்னம் இரண்டும் ஒட்டிப்போய், யாரோ தூக்கிவந்து உட்காரவைத்த மாதிரி இருக்கிறேன். எனக்குப் பின்னால் நமசிவாயம் நிற்கிறான். அவன் வலது கை என் தோளில் இல்லை, நாற்காலியின் முதுகில் இருக்கிறது. அந்தக் கையை நன்றாகப் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள் என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வேன்.

தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து, அந்தப் படத்துக்கு எதிரில் முப்பது தண்டால் எடுக்கிறேன். பிறகுதான் சாமி படத்துக்குக் கும்பிடு. "அந்தப் படத்தைக் கழட்டி எறியுங்களேன், பார்க்கவே சகிக்கலே" என்று என் மனைவி பாக்கியம் வாரத்துக்கு ஒருமுறை சொல்கிறாள். கழற்றமாட்டேன். அது என் மருந்து.

2

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் தகரப் பெட்டியோடு இங்கே ரயிலிறங்கியவன் நான். தண்டு என்றால் கண்டோன்மெண்ட், வெள்ளைக்காரருடைய பாதி. பேட்டைப் பக்கம் மகாராஜாவுடைய பாதி. நான் தண்டில் ஓர் ஆபீசில், பழைய காகிதக் கட்டுகளைக் காக்கும் பிரிவுக்குத் தலைவன். எந்த வருஷத்துக் காகிதம் வேண்டுமென்று துரை கேட்டாலும் ஏணி வைத்து ஏறி எடுத்துவருவேன். பெயரைச் சொன்னால் ஆபீசுக்குச் சங்கடம், ஆகையால் சொல்லவில்லை. வீடு ஜீவனஹள்ளி ஓரம். வாசலில் நின்றால் ராகி வயல் தெரியும்.

நமசிவாயம் ராணிப்பேட்டைப் பையன். பத்து வருஷத்துக்கு முன் அவனுக்கு விண்ணப்பம் எழுதியதே நான்தான். துரையிடம் சிபாரிசு செய்து, என் பிரிவிலேயே எனக்கு அடுத்த நாற்காலியில் உட்காரவைத்தேன். நம் பக்கத்து ஆள் ஒருவன் கூட இருக்கட்டுமே என்ற ஆசை. வெளியூரில் இருக்கிறவனுக்கு வரும் முதல் பைத்தியம் இதுதான்.

மூன்று வருஷத்துக்கு முன் எனக்கு ஓயாத தாகம் வந்தது. உடம்பு இளைத்தது. ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் கவுஸ் சாயபு ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, என் சிறுநீரில் எட்டுச் சொட்டு விட்டு, சாராய விளக்கில் காய்ச்சினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் வந்து நின்றது. நீரிழிவு என்றார் டாக்டர். சர்க்கரை, வெல்லம், உருளைக்கிழங்கு மூன்றும் கூடாது. அரிசிச் சோறு மத்தியானம் ஒரு கைப்பிடி. மற்ற வேளைக்கு ராகிக் களி. விடியற்காலையில் நடை, கொஞ்சம் தேகப்பயிற்சி.

நாற்பது நாள் ஒரு நாளும் தவறவில்லை. குழாயில் நீலம் நீலமாகவே நின்றது. எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

அப்போதுதான் அக்கா மகள் கல்யாணத்துக்கு வாலாஜா வந்தேன். உங்களில் பலபேர் அங்கே இருந்தீர்கள். கடைத்தெருவில் வெற்றிலை வாங்கும்போது வாய் தவறி "எஷ்டு?" என்று கன்னடத்தில் விலை கேட்டுவிட்டேன். நான் பந்திக்கு வருவதற்குள் அது ஊர் முழுக்கப் பரவிவிட்டது. இலையில் ஜாங்கிரி வந்தபோது நான் கையால் மறித்தேன். பெரிய மாமா எதிர் வரிசையிலிருந்து, "விடுங்கப்பா, அவரு பெங்களூர்க்காரரு. நம்ம ஊர் சாப்பாடு அவருக்கு எறங்குமா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

மூன்று ஜாங்கிரி தின்றேன். மறுநாள் லட்டு, அதற்கு மறுநாள் பாயசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்தேன். நான் மாறவில்லை என்று காட்டவேண்டும் எனக்கு. ஊரில் இருக்கிறவன் அப்படிச் செய்திருக்கமாட்டான், வேண்டாமென்றால் வேண்டாமென்று எழுந்து போயிருப்பான். ஊரை விட்டுப் போனவன்தான் ஒரு ஜாங்கிரியில் தன் மானம் இருப்பதாக நினைப்பான்.

திரும்பி வந்ததும் மறுபடி தொடங்கவேண்டியதுதானே? திங்கட்கிழமை தொடங்கலாம் என்றேன். அந்தத் திங்கள் அமாவாசையாகப் போயிற்று. ஆடி கழியட்டும் என்றேன், நவராத்திரிச் சுண்டல் முடியட்டும் என்றேன், தை பிறக்கட்டும் என்றேன். நாற்பது நாள் கணக்கு அறுந்துபோனபின் மறுபடி முதல் நாளிலிருந்து எண்ண எனக்கு மனம் வரவில்லை. ஒரு வருஷத்துக்குமேல் இப்படியே ஓடியது. ஒருநாள் ஆபீசில் ஏணிமேல் கட்டோடு நின்றவன், கட்டோடு கீழே விழுந்தேன்.

3

ஆறு மாதம் லீவு கொடுத்தார்கள். லீவு முடிந்ததும் மெடிக்கல் போர்டு. அது தகுதியில்லை என்று எழுதிவிட்டால் வேலை போயிற்று, மூட்டையைக் கட்டிக்கொண்டு வாலாஜா திரும்பவேண்டியதுதான். என் மகள் சரோஜாவுக்கு வயது பதினான்கு, இங்கே கான்வெண்டில் படிக்கிறாள். அவளிடம் சொன்னேன். "ஊருக்கா? நான் வரலேப்பா. அங்கே நான் பேசினாலே எல்லாரும் சிரிக்கிறாங்க" என்றாள். திட்டலாமென்று வாயெடுத்தேன். எனக்கும் அதே கதைதான் நடந்தது என்று நினைவு வந்தது.

நான் திரும்பும்வரை என் நாற்காலியில் நமசிவாயம் ஆக்டிங். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என்னைப் பார்க்க வருவான். கையில் தூக்கு. தூக்கில் அவன் பெண்சாதி செய்த ஒப்பட்டு, நீங்கள் போளி என்பீர்கள், நெய்யும் வெல்லமும் கசிய ஆறு இருக்கும். "வாய்க்கு ருசியா ஏதாச்சும் இருந்தாத்தான் சார் உடம்பு தேறும்" என்பான். நீரிழிவுக்காரனுக்கு வாரம் ஆறு ஒப்பட்டு! பாக்கியம் இன்றுவரை, "அவரு நல்ல எண்ணத்தோடதான் கொண்டாந்தாரு" என்கிறாள். அவளுக்கு எல்லாரும் நல்லவர்கள். நானோ அந்தத் தூக்கைப் பார்க்கும்போதெல்லாம், இவன் என் நாளை எண்ணுகிறான் என்றே நினைத்தேன். நினைத்துக்கொண்டே தின்றேன், அதுதான் வெட்கக்கேடு.

லீவில் இரண்டரை மாதம் பாக்கி இருக்கும்போது ஒருநாள் ஜட்கா கொண்டுவந்தான். "சும்மா ஒரு டீ பார்ட்டி சார். துரையும் வர்றாரு. நீங்க வந்து உட்கார்ந்தா போதும்." எல்லாருக்கும் என்னைப் பார்க்க ஆசை போலிருக்கிறது என்று மகிழ்ந்துபோய் கோட்டைப் போட்டுக்கொண்டேன். கோட்டுக்குள் இன்னொருத்தன் நுழையலாம், அவ்வளவு இளைத்திருந்தேன்.

போய்ப் பார்த்தால் மாலை, போட்டோக்காரன், கண்ணாடிச் சட்டம் போட்ட உபசாரப் பத்திரம். தங்க மையில் அச்சடித்திருந்தார்கள். நமசிவாயமே எழுந்து படித்தான். என் உழைப்பை மறக்கவே மாட்டார்களாம். என் மீதி நாட்கள் சொந்த ஊரில் அமைதியாகக் கழியவேண்டுமாம். வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி ஒன்றைத் துரை என் கையில் கொடுத்தார்.

நான் நமசிவாயத்தைத் தனியாகக் கூப்பிட்டு, "என்னப்பா இது? எனக்கு இன்னும் போர்டே ஆகலியே?" என்று கேட்டேன்.

அவன் முகத்தில் வெட்கமே இல்லை. உண்மையான பரிவு மாதிரியே இருந்தது. "போர்டுல எப்படியும் அனுப்பிடுவாங்க சார். அப்புறம் நீங்க ஊருக்குப் போயிடுவீங்க. உட்கார முடியறபோதே ஒரு போட்டோ எடுத்துக்கிட்டா நல்லதுன்னு எல்லாரும் நினைச்சோம்" என்றான்.

உட்கார முடியறபோதே! ஜட்காவில் வீடு திரும்பும்போது அந்த இரண்டு வார்த்தையைத்தான் மென்றுகொண்டு வந்தேன். கைத்தடியைப் பரணில் வீசினேன். இவன் கண்முன் நான் நடமாடவேண்டும், அந்த நாற்காலியிலிருந்து இவனை நானே எழுப்பவேண்டும், அதற்குள் செத்துப்போகக்கூடாது என்று பாக்கியத்திடம் கத்தினேன். அவள் முதலில் மாலையைக் கழற்றச் சொன்னாள்.

4

மறுநாள் அமாவாசையா அஷ்டமியா என்று பார்க்கவில்லை. ஐந்து மணிக்குத் தரையில் கையை ஊன்றினேன். ஒரே ஒரு தண்டால். இறங்கினேன், ஏற முடியவில்லை. முகம் தரையில் பட அப்படியே கிடந்தேன். பாக்கியமும் சரோஜாவும் ஆளுக்கொரு தோளைப் பிடித்துத் தூக்கினார்கள். நடை மூன்று வீடு தாண்டியதும் முடிந்தது.

கோபத்துக்கு ஆயுசு குறைவு. மூன்றாம் நாள் தூங்கிவிட்டேன். நல்லவேளை, அன்றைக்கே போட்டோ வந்து சேர்ந்தது. பெட்டிக்குள் வைக்கப்போன பாக்கியத்திடமிருந்து பிடுங்கிக் கூடத்தில் ஆணி அடித்தேன். நாற்காலிமேல் இருக்கும் அந்தக் கையைப் பார்த்ததும் உடம்பு தானாகக் கீழே இறங்கியது. சரோஜா பக்கத்தில் நின்று எண்ணுவாள். "ஒந்து... எரடு... மூரு..." தமிழில் எண்ணு என்று இரண்டு நாள் சொல்லிப் பார்த்தேன். மூச்சு வாங்குகிறவன் எந்தப் பாஷைக்குச் சண்டை போடுவது? எண்ணிக்கை ஏறினால் சரி என்று விட்டுவிட்டேன்.

பதினைந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. தூக்கு வந்தது. அவன் போனதும் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று இரண்டு ஒப்பட்டு தின்றேன். யாரையும் குற்றம் சொல்லமுடியாது, என் கை, என் வாய். மறுநாள் கவுஸ் சாயபு குழாயைக் காய்ச்சினார். செங்கல்.

"என்னா ஐயா, நேத்து என்னா சாப்பிட்டீங்கோ? நெசம் சொல்லுங்கோ" என்றார்.

சொன்னேன். "பதினஞ்சு நாள் வீணாப்போச்சு சாயபு. வர்ற வெள்ளிக்கிழமை மறுபடி மொதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

அவர் குழாயைக் கழுவிக்கொண்டே, "ஏன் ஐயா மொதல்லேருந்து? பதினஞ்சு நாள் நடந்தது உங்க காலுதானே? அது எங்கே போச்சு? இன்னிக்கி பதினாறு, நாளைக்கி பதினேழு. வெள்ளிக்கிழமை வரைக்கும் சக்கரை காத்துக்கிட்டு இருக்குமா?" என்றார்.

அவர் பெரிய ஞானம் எதுவும் பேசவில்லை, அடுத்த ஆள் காத்திருக்கிறான் என்ற அவசரத்தில் சொன்னதுதான். ஆனால் ஒரு வருஷத்துக்குமேல் என்னைக் கெடுத்தது இந்த முதல் நாள் பைத்தியம்தான் என்று அப்போது புரிந்தது. அன்று சாயங்காலமே நடந்தேன். பதினாறு என்று எழுதிவைத்தேன்.

அடுத்த ஞாயிறு நமசிவாயம் வந்தான். தூக்கைத் திறந்து அவனுக்கே இலை போட்டேன். "நீ சாப்பிடு" என்றேன். ஒன்று தின்றான். "இன்னொண்ணு." தின்றான். "சார், போதும்." "அட, உன் பெண்சாதி எவ்வளவு ஆசையா செஞ்சிருக்காங்க!" ஆறையும் தின்னும்வரை எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி ஒப்பட்டு தொண்டையில் நின்றது, தண்ணீர் கொடுத்தேன். அதற்குப் பிறகு தூக்கு வரவில்லை.

5

போர்டுக்கு முன் ஒரு சர்ட்டிபிகேட் வேண்டுமென்றார்கள். பேட்டையில் நல்ல டாக்டர் ஒருவரிடம் வாங்கிப் போனேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா அதைத் தொடக்கூட இல்லை. "இது சமஸ்தானத்து டாக்டர். தண்டுக்குச் செல்லாது" என்றான். என் உடம்பு ஒன்றுதான், அது காலையில் மகாராஜாவின் பாதியில் நடந்து ராத்திரியில் வெள்ளைக்காரன் பாதியில் தூங்குகிறது என்று சொல்லிப் பார்த்தேன். தண்டு டாக்டர் ஒருவரைப் பிடித்துக் கையெழுத்து வாங்க எட்டு நாள் அலைந்தேன். பழைய நானாக இருந்தால் அந்த அலைச்சலிலேயே படுத்திருப்பேன். இப்போது அதுவும் என் நடைக் கணக்கில் சேர்ந்தது.

போர்டில் இரண்டு வெள்ளைக்கார டாக்டர்கள். மார்பில் குழல் வைத்தார்கள், மாடிப்படி ஏறி இறங்கச் சொன்னார்கள், குழாயைக் காய்ச்சினார்கள். நான் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீலம் பச்சையாகவில்லை. வேலைக்குத் தகுதி என்று ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஆபீசுக்குள் நுழைந்தேன். பிரிவுபசாரம் செய்து அனுப்பியவன் திரும்பி வந்தால் எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. சேவகன் சலாம் வைத்துவிட்டுப் பாதியில் கையை இறக்கினான். ஒருத்தர் காகிதத்தைத் தேடுகிறவர் போல மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டார். என் நாற்காலியில் நமசிவாயம். அதற்குப் புதுசாக மெத்தை தைத்துப் போட்டிருந்தான், நிரந்தரமாக இருக்கப்போகிறவன் மாதிரி.

"நமசிவாயம், எழுந்திரு" என்றேன்.

எழுந்தான். மைக்கூட்டை எடுத்தான், பேனாவை எடுத்தான், சாமி படம் ஒன்று வைத்திருந்தான், அதையும் எடுத்தான். கடைசியில் மெத்தையை எடுக்கக் கை நீட்டினான். "அது இருக்கட்டும்" என்று அதன்மேல் உட்கார்ந்தேன். அந்த ஐந்து நிமிஷத்துக்காக இன்னும் ஐந்து வருஷம் ராகிக் களி தின்னலாம்.

6

இதோடு கதை முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன். பழி தீர்த்தவனுக்குத் தூக்கம் நன்றாக வருகிறது. இரண்டு மாதம் போயிற்று. ஐந்து மணி ஆறாயிற்று, ஆறு ஏழாயிற்று. படத்தைப் பார்த்தால் சிரிப்புத்தான் வந்தது, கோபம் வரவில்லை. களிக்குப் பதில் இட்லி, இட்லியோடு காப்பி, காப்பியில் ஒரே ஒரு கரண்டி சர்க்கரை. பழைய சறுக்கல் அதே வழியில் தொடங்கியது. எனக்கும் அது தெரிந்தே இருந்தது.

ஒருநாள் நமசிவாயம் கட்டுகளை அடுக்கிக்கொண்டே கேட்டான். "காலையிலே ஏரிப் பக்கம் உங்களைக் காணோம்னு சொன்னாங்க சார். உடம்பு சரியில்லீங்களா?"

குரலில் தேன். ஆனால் அவன் கண் என் முகத்தில் இல்லை. நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்த விதத்தை அளந்துகொண்டிருந்தது. மறுநாள் ஐந்து மணிக்கு, நான் வழக்கமாக நடக்கும் ஹலசூர் ஏரிக்கரையில் நின்றேன். கரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை போய்த் திரும்பினால் ஒரு நடை. அன்று இரண்டு நடை நடந்தேன். அதற்குப் பிறகு சோம்பல் வரும்போதெல்லாம் ஆபீசில் அவன் பார்வையை ஒருமுறை வாங்கிக்கொள்வேன், அது ஒரு வாரத்துக்குத் தாங்கும்.

இரண்டு மாதத்துக்கு முன் அவன் ஒரு விண்ணப்பம் கொண்டுவந்தான். வேலூருக்கு மாற்றல் வேண்டுமாம். அவன் பெண்சாதிக்கு இந்த ஊர் ஒட்டவில்லை, பிள்ளைகள் கன்னடத்தில் சண்டை போடுகின்றன, சொந்த ஊருக்குப் பக்கமாகப் போய்விடுகிறோம் என்று உருக்கமாக எழுதியிருந்தான். அவன் முதல் விண்ணப்பத்துக்கு நான் போட்ட அதே எழுத்து நடை. பிரிவுத் தலைவன் என்ற முறையில் நான் குறிப்பு எழுதி மேலே அனுப்பவேண்டும்.

மூன்று நாள் மேஜையிலேயே வைத்திருந்தேன். பாக்கியம், "போகட்டுமே. உங்களுக்கும் தொல்லை விட்டது, அந்தப் பொம்பளையும் ஊர் போய்ச் சேரட்டும்" என்றாள். நியாயம்தான். ஆனால் இவன் போய்விட்டால் என் நாற்காலியை அப்படிப் பார்க்க வேறு யார் இருக்கிறார்கள்? எனக்கு நல்லது நினைக்கிறவர்கள் இருபது பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தராலும் என்னை ஐந்து மணிக்கு எழுப்ப முடிந்ததில்லை. இவன் இல்லையென்றால் ஆறு மாதத்தில் நான் மறுபடி ஏணியிலிருந்து விழுவேன்.

நாலாம் நாள் எழுதினேன். நமசிவாயத்தைப் போல உழைக்கிறவர் இந்த ஆபீசிலேயே கிடையாது, அவர் இல்லாமல் இந்தப் பிரிவு ஒரு நாளும் நடக்காது, ஆகையால் அனுப்புவதற்கில்லை என்று இங்கிலீஷில் வாயார வாழ்த்தி எழுதினேன். துரை அவனைக் கூப்பிட்டுக் கைகுலுக்கி, மாற்றல் இல்லை என்று சொன்னார். வெளியே வந்தவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். எழுதி முடித்ததும் கொஞ்ச நேரம் மனசு குறுகுறுத்தது உண்மைதான். அந்தப் பார்வையில் அதுவும் சரியாகிவிட்டது.

போன மாதம் ஒரு காலை, ஏரிக்கரையில் பனி. எனக்குப் பின்னால் கான்வாஸ் பூட்ஸ் சத்தம் கேட்டது. திரும்பினேன். நமசிவாயம். அரை நிஜார், முண்டாசு, மூக்கு நுனியில் வேர்வை.

"என்னப்பா, நீயுமா?"

"ஆமாங்க சார். ஒரு வாரமா வர்றேன். இனிப்பும் விட்டுட்டேன்."

"உனக்கென்ன வியாதி?"

அவன் நிற்கவில்லை. நடந்துகொண்டே, மரியாதையாக, ஒரு சொல்லும் உரக்கச் சொல்லாமல் சொன்னான். "வியாதி ஒண்ணும் இல்லீங்க. உங்களுக்கு ரிட்டையர் ஆக இன்னும் எட்டு வருஷம் இருக்குது. அதுவரைக்கும் நான் நல்லா இருக்கணும் இல்லீங்களா? அப்புறம் அந்த நாற்காலியிலே உட்கார்ந்து, உங்க பேருல வர்ற பென்ஷன் காகிதத்துக்கெல்லாம் நான்தானே குறிப்பு எழுதணும்."

சொல்லிவிட்டு என்னைத் தாண்டிப் போனான். என்னைவிடப் பத்து வயது சின்னவன், காலில் வேகம் இருந்தது. அன்று நான் மூன்று நடை நடந்தேன், பிறகு நாலாவதும் நடந்தேன். மூச்சு வாங்க, போதும் என்று கரையில் நின்றபோது, மறுமுனையில் அவன் ஐந்தாவது நடையில் பாதியை முடித்துத் திரும்புவது தெரிந்தது. நானும் திரும்பினேன்.